பிப்ரவரியில பாருங்க

டிஷ் வைத்த தெருவுக்கு இவரைப்போல் ஒருவராவது இருப்பார். மழை வருமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். சேனல் விலை ஏறுமா என்று கேளுங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

காசு கட்டிப் பார்க்கிற சேனல் ஒன்று திடீரென்று இலவசமாகத் தெரிந்தால் நாமெல்லாம் கிடைத்தவரை லாபம் என்று படம் பார்ப்போம். இவர் முகம் இறுகும். "ருசி காட்டுறான். அடுத்த மாசம் பேக்ல சேத்துக் கூட்டுவான், பாருங்க." சேனல் எண் மாறினால் ஒரு பலன். ஐ.பி.எல். நெருங்கினால் ஒரு பலன். எந்தக் குறிக்கும் விலை இறங்கும் என்ற பலன் மட்டும் கிடையாது.

இவர் கொடி உச்சத்தில் பறந்தது 2019 தொடக்கத்தில். வேண்டிய சேனலை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் காசு கட்டலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன நேரம். தெருவே நோட்டும் பேனாவுமாக இவர் வாசலில் நின்றது. 100 சேனலுக்கு அடிப்படைக் கட்டணம் 130, அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 153 ரூபாய் 40 காசு. அந்த 40 காசை விட்டுவிட்டு யாராவது சொன்னால் இவருக்குப் பொறுக்காது.

"சன் டி.வி. எவ்வளவுண்ணே?"

"பத்தொம்பது."

"அவ்வளவுதானா?"

"இரும்மா. வரியோட இருவத்திரண்டு நாப்பத்திரண்டு."

"எச்.டி. போட்டுக்கவா?"

"அது ரெண்டு சேனல் கணக்கு. எதையாவது எடுத்துட்டுத்தான் போடணும். தூர்தர்ஷன் மேல மட்டும் கை வைக்காத, அது எடுக்க வராது."

கூட்டிக் கழித்துப் பார்த்தபோது தெருவில் பாதிப் பேருக்குப் பழைய பில்லைவிடக் கூடுதலாக வந்தது. அவரவர் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருக்க, மகன் பாஸானதுபோல் பூரித்துப் போனவர் இவர் ஒருவர்தான்.

2023 பிப்ரவரி 1-இல் புது விலைகள் வந்தன. "பிப்ரவரியில பாருங்கன்னு சொன்னேனா இல்லையா?" சொன்னார்தான். அதற்கு முந்தின மூன்று பிப்ரவரிக்கும் இதையேதான் சொன்னார். அதே மாதம் ஒப்பந்தத் தகராறில் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் பல கேபிள் கம்பெனிகளுக்குச் சிக்னலை நிறுத்தியபோது, டிஷ்ஷைத் தானே கண்டுபிடித்தவர் மாதிரி தெருவில் நடந்தார்.

இவர் வீட்டுக் கதை வேறு. விலையேற்றத்தை முந்துகிறேன் என்று ஆறு மாதத்துக்கு மொத்தமாக ரீசார்ஜ் செய்தார். மூன்றாம் வாரமே மனைவி பார்க்கும் சீரியல் சேனல் பேக்கைவிட்டுப் போய்விட்டது. தனியாகச் சேர்த்தால் கணக்குத் தோற்றதாகிவிடுமே! அந்த அம்மாள் எட்டரை மணிக்கு எதிர்வீட்டுக்குப் போய்விடுகிறார். இவர் தட்டில் தானே போட்டுச் சாப்பிட்டுக்கொள்கிறார்.

2024 ஜூலையில் டிராய் அந்த அடிப்படைக் கட்டணத்தின் உச்சவரம்பையே எடுத்துவிட்டது. கம்பெனிகள் தாங்களே நிர்ணயிக்கலாம். அன்றிலிருந்து இவருக்குச் சுரத்தில்லை. வரம்பு இருந்தால்தானே எப்போது தாண்டுவான் என்று சொல்ல முடியும்?

"சிலிண்டர் பக்கம் வாங்களேன் அண்ணே" என்றார் டீக்கடைக்காரர். கடை சிலிண்டர் விலையை ஒண்ணாம் தேதிதானே மாற்றுகிறார்கள்.

"தேதி தெரிஞ்சுபோச்சுன்னா அப்புறம் நான் எதுக்குய்யா?" என்று கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.