கைலியை எப்போது இறக்கிவிடுவது

முஸ்லிம் நாடுகளுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான கையேடுகள் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் தருகின்றன. முட்டி மறைய உடுத்த வேண்டும், இடக்கையால் எதையும் நீட்டக்கூடாது, செருப்பை வாசலில் விட வேண்டும், அடுத்தவர் மனைவியைப் பற்றி விசாரிக்கக்கூடாது. லண்டனிலிருந்து கிளம்புகிறவருக்கு இது பத்துப் பக்கப் பாடம். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து கிளம்புகிறவருக்கோ இதில் பாதி, ஐந்து வயதில் அப்பத்தாவின் கையால் முதுகில் வாங்கியதோடு முடிந்துபோன பாடம். அவர் மாட்டிக்கொள்வதெல்லாம் மீதிப் பாதியில்தான்.

மாவட்டத்துக்குள்ளேயே பயிற்சிக்களமும் உண்டு. சமஸ்தானமாக இருந்தவரை புதுக்கோட்டைக்குக் கடல் கிடையாது. 1948இல் இந்தியாவோடு இணைந்து, திருச்சி மாவட்டத்துக்குள் ஒண்டுக்குடித்தனம் இருந்து, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டம் ஆனபோது தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து அறந்தாங்கிப் பக்கம் வந்து சேர்ந்தது. கூடவே கடலும் வந்தது. கடலோடு கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், கோபாலப்பட்டினம் என்று முஸ்லிம்கள் நிறைந்த ஊர்களும் வந்தன. அங்கே சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று யாராவது போய் உட்கார்ந்திராத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஊர்களில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தவர் பாதிப் பரீட்சை எழுதியவர்.

பயணத்தின் முதல் ஆபத்து பெட்டியில் இருக்கிறது. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே அமைந்திருப்பதால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவது மரபு. வேனில் வரும் ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் கொண்டுவருவதும் மரபு. அந்தப் பொட்டலங்களில் ஒன்றில் குருமாவுக்கு அரைத்துச் சேர்ப்பதற்கென்று கால் கிலோ கசகசா இருக்கும். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவுதி அரேபியாவிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அது அபினிச் செடியின் விதை. செட்டிநாட்டுச் சமையலில் அதற்குள்ள இடத்தைச் சுங்க அதிகாரியிடம் விளக்கிப் பயனில்லை. துபாய் சுங்கத்தின் தடைப் பட்டியலில் வெற்றிலையும் இருக்கிறது. பத்திரிகை வைத்து அழைக்கப் போகிறவர் தாம்பூலத்தை ஊரோடு விட்டுவிட்டுப் பத்திரிகையை மட்டும் கொண்டுபோவது உத்தமம்.

உடை விஷயத்தில் உள்ளூர்க்காரருக்குப் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை. இஸ்லாமிய வழக்கப்படி ஆண் தொப்புள் முதல் முட்டி வரை மறைத்திருக்க வேண்டும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்கிற இளைஞர் எதிரே பெரியவர் வந்தால் சட்டென்று மடிப்பை இறக்கிவிடுவார். முட்டியை மறைப்பதுதான் மரியாதை என்று அவருக்கு யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. முஸ்லிம் நாடு என்பது நாள் முழுவதும் பெரியவர் எதிரே வந்துகொண்டிருக்கும் தெரு என்று நினைத்துக்கொண்டால் போதும். கால்மேல் கால் போட்டுச் செருப்பின் அடியை எதிராளிக்குக் காட்டுவது அரபு நாடுகளில் அவமதிப்பு. 2008 டிசம்பரில் பாக்தாதில் ஒரு பத்திரிகையாளர் அமெரிக்க அதிபர் புஷ் மீது இரண்டு ஷூக்களையும் வீசியபோது உலகம் அதற்கு விளக்கம் தேடியது. தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

கைகுலுக்குவதில் ஒரு நுணுக்கம். எதிரே இருப்பவர் பெண் என்றால் அவர் கை நீட்டும்வரை ஆண் நீட்டக்கூடாது. நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும். தொடாமல் வணக்கம் சொல்லும் கலையில் தமிழருக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. மலேசியாவில் ஆட்காட்டி விரலால் யாரையும் சுட்டக்கூடாது, மடக்கிய வலக்கையின் கட்டைவிரலால் காட்ட வேண்டும். தாடையால் வழி காட்டிப் பழகியவருக்கு இது கொஞ்சம் சிரமம். அங்கே வயதில் மூத்த அந்நியரைப் பக்சிக் என்றும் பெண்ணாக இருந்தால் மக்சிக் என்றும் அழைப்பார்கள். பேருந்து நடத்துநரை அண்ணே என்றும் காய்க்காரம்மாவை அக்கா என்றும் கூப்பிடும் ஊர்க்காரருக்கு அகராதி மாறுகிறதே தவிர இலக்கணம் மாறுவதில்லை. உறவுச்சொல்லில் சறுக்கல் வருவது உள்நாட்டில்தான். கீழக்கரை, காயல்பட்டினப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள். "காக்கா சாப்பிட்டாச்சா?" என்று கேட்டதும் முதன்முறை விருந்துக்குப் போனவர் கூரையை நிமிர்ந்து பார்ப்பது உண்டு.

நலம் விசாரிப்பதில் புதுக்கோட்டைக்காரர் அரபிகளுக்கே பாடம் எடுக்கலாம். வளைகுடாவில் குடும்பம் நலமா என்று பொதுவாகக் கேட்கலாம், மனைவி நலமா என்று குறிப்பாகக் கேட்பது நாகரிகமல்ல. தமிழில் "வீட்ல சௌக்கியமா?" என்றால் கேட்டது மனைவியை, சொன்னது கட்டடத்தை. ஆனால் வீட்டிலிருக்கும் பொருளைப் புகழ்வதில் கவனம் தேவை. கம்பளம் அழகாக இருக்கிறது என்று மூன்று முறை சொன்னால் அதைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவது பழைய அரபு விருந்தோம்பல். ஊரில் அதே பாராட்டைச் சொன்னால் கண் பட்டுவிட்டது என்று மறுநாள் சுற்றிப் போடுவார்கள். இரண்டு இடத்திலும் வாயை அடக்குவதே சிக்கனம்.

சாப்பாட்டில் கடலோரப் பயிற்சி முழுதாகக் கைகொடுக்கும். கடலோர முஸ்லிம் ஊர்க் கல்யாணங்களில் சகன் என்ற பெரிய தட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்ந்து ஒன்றாக உண்பார்கள். அவரவர் தம் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் கிடக்கும் கறித்துண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது அயல்நாடு. ஆனால் எல்லையைக் காப்பவரே அதைப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிவிடுவார். தள்ளப்பட்டதை மறுப்பதுதான் மரியாதைக் குறைவு. இந்தச் சட்டம் தெரிந்தவர் ரியாத்தில் மந்தி என்ற கறிச்சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தாலும் தடுமாற மாட்டார். தடுமாறுவது காபியில். கஹ்வா என்ற ஏலக்காய்க் காபியை ஒரு வாய் அளவே பிடிக்கும் சிறு கோப்பையில் ஊற்றுவார்கள். குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினால் இன்னும் வேண்டும் என்று பொருள், லேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும் என்று பொருள். இது தெரியாமல் பணிவாக நீட்டிக்கொண்டே இருப்பவர் அன்றிரவு தூங்குவதில்லை. அரபு நாட்டில் இந்தச் சைகை வேலை செய்கிறது என்பதுதான் ஆச்சரியம். நம் பந்தியில் இலையை இரண்டு கையாலும் மறைத்தாலும் விரலிடுக்கில் சாம்பார் விழும்.

வழிபாட்டிடங்களில் ஊர்ப் பழக்கம் உதவுவதைவிடக் குழப்புவது அதிகம். திருமயம் பக்கத்துக் காட்டுபாவா பள்ளிவாசலுக்கும் கோட்டைப்பட்டினம் ராவுத்தர் அப்பா தர்காவுக்கும் இந்துக்களும் போவார்கள். தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை வைத்து ஃபாத்திஹா ஓதச் சொல்லி, மயிலிறகால் தலையில் வருடிவிடச் சொல்லித் திரும்புவார்கள். இதே பழக்கத்தைச் சவுதியில் காட்டினால் வேலைக்காகாது. அடக்கத்தலத்தில் பூப் போடுவதையும் வேண்டிக்கொள்வதையும் அங்கே தடுப்பார்கள். மக்காவுக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதியே இல்லை. மாறாக அபுதாபியில் 2007இல் திறக்கப்பட்ட ஷேக் சாயித் பெரிய பள்ளிவாசல் எல்லா மதத்தவரையும் உள்ளே விடுகிறது. மலேசியாவின் புத்ராஜெயாவில் உள்ள புத்ரா பள்ளிவாசலில் அரைக்கால் சட்டையோடு வருகிறவருக்குத் தலைமூடி வைத்த சிவப்பு அங்கி தருவார்கள். அதைப் போட்டு எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பியவர் திரும்பி வந்த பிறகு ஒரு மாதம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் தின்பதும் குடிப்பதும் குவைத்தில் சட்டப்படி குற்றம். துபாயில் 2021 முதல் உணவகங்கள் திரை போடாமலே பரிமாறலாம் என்று தளர்த்தினார்கள். ஆனாலும் நோன்பாளி முன் வடையைப் பிட்டு வாயில் போடுவதற்குச் சட்டம் தேவையில்லை, கூச்சமே தடுக்கும். சூரியன் மறைந்தபின் கதை வேறு. புதுக்கோட்டையில் பள்ளிவாசல் வாசலில் நோன்புக் கஞ்சிக்கு நிற்கும் வரிசையில் தூக்குச்சட்டியோடு எல்லாச் சாதிப் பிள்ளைகளும் இருப்பார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுத்தான் அகப்பையைத் தூக்குவார் ஊற்றுகிறவர். அமீரகத்துப் பள்ளிவாசல் கூடாரங்களிலும் யார் போனாலும் பேரீச்சம்பழம் வைத்து உட்காரச் சொல்வார்கள். அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தூக்குச்சட்டியைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகத் தேவையில்லை.