52 வயதில் சரளி வரிசை

விஜயதசமியன்று வீணை வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு 52 வயது. அங்கே என் சீனியர் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். முன்பல் இரண்டும் இன்னும் முளைக்கவில்லை. "தாத்தா, ரி தப்பு" என்று திருத்துவாள். அங்கிள்கூட இல்லை, தாத்தா.

வீணைக்கு 24 மெட்டுகள், ஏழு தந்திகள். நான்கு வாசிக்க, மூன்று தாளத்துக்கு. தஞ்சாவூர் வீணை என்றால் பலா மரம். எல்லாம் யூடியூப் தயவில் மனப்பாடம். வாசிப்பது ஒன்றுதான் பாக்கி. 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையில் பாலபாடத்தைத் தொடங்கிவைத்தவர் புரந்தரதாசர் என்பார்கள். மகான்தான். ஆனால் சம்மணமிட்ட இருபதாவது நிமிடத்தில் மரத்துப்போகும் என் காலை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பலன் இல்லாமலும் இல்லை. இடது கை விரல் நுனியில் தந்தி அழுத்திய கோடு விழுந்திருக்கிறது. அலுவலகத்தில் அது தெரியும்படியாகத்தான் டீ கிளாஸைப் பிடிக்கிறேன். யாராவது கேட்கும்வரை டீயைக் குடித்து முடிப்பதில்லை. "ஒண்ணுமில்ல சார், வீணை..." நான்கு மாதத்தில் வாசித்ததைவிட இதைச் சொன்னதுதான் அதிகம்.

ஹாலில் வீணை இருக்கும் மூலையில் முன்பு டிரெட்மில் இருந்தது. அதற்கு முன்பு கீபோர்டு. வகுப்பில் சேர்ந்த மூன்றாம் நாளே மனைவி பழைய வேட்டியை எடுத்துக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன தைக்கிறே?"

"உறைங்க. தூசி படியாம இருக்கும்ல."