பலாப்பொந்தில் ஒரு மேற்படிப்பு

பி.காம். முடித்த என் மகன், வெளிநாடு போய் 'பிசினஸ் கன்டினியூட்டி மேனேஜ்மென்ட்' முதுகலை படிக்கப்போகிறானாம். அப்படியெல்லாம் ஒரு படிப்பு உண்டா சார்?
— வாசகர், பாறசாலை

உண்டு. வெள்ளம் வந்தாலும் சர்வர் படுத்துக்கொண்டாலும் (ஓட்டல் சர்வர் அல்ல) கம்பெனிக்கு ஷட்டர் விழாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை. 2012-லேயே ஐ.எஸ்.ஓ. 22301 என்று தரநிர்ணயமும் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இந்தப் படிப்பின் சீனியர் மாணவர் உங்கள் பக்கத்து ஊரிலேயே இருந்தார்! எட்டுவீட்டில் பிள்ளைமார் என்ற பிரபுக்கள் துரத்தியபோது, பின்னாளில் திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்ட வர்மா ஒளிந்தது நெய்யாற்றின்கரைக் கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலா என்ற பலாமரத்தின் பொந்தில் என்கிறது ஊர்க்கதை. பாடத்தில் இதற்கு 'மாற்று அலுவலகம்' என்று பெயர். வாடகை கிடையாது, சீசனில் சுளை இலவசம். 1750-ல் செய்தது அதற்கும் மேல்: திருவிதாங்கூரையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, தாசனாக இருந்து ஆண்டார். முதலாளிக்குச் சாவே இல்லாத ஒரே கம்பெனி!

பையனுக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமா? 2020 ஊரடங்கில் களியக்காவிளைத் தமிழக-கேரள எல்லையில் கெடுபிடி வந்தபோது, தமிழ்நாட்டுக் காய்கறியை நம்பியிருந்த உங்கள் ஊர்க் கடைக்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதற்கு விசா வேண்டாம்.