ஓடுறதைப் புடிச்சு எழுது

நாற்பது பக்க நோட்டு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. அட்டையில் என் பெயர், அதற்குக் கீழே ‘டி.சி.ஏ., திருத்தணி, 1996’. உள்ளே பாடம் எதுவும் இல்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையில் ஓடும் ஆங்கில வரிகளைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு குறிப்பு. படிப்பு முடித்து வாங்கிய சான்றிதழ் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த நோட்டு மட்டும் மூன்று வீடு மாறியும் கூடவே வந்தது.

சென்னை–திருப்பதி சாலையில் திருவள்ளூரைத் தாண்டி, திருத்தணிக்கு முன்னால் வருவது எங்கள் கனகம்மாசத்திரம். கரும்பு வெட்டும் காலத்தில் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். அவற்றின் பின்னால் ஊர்ந்துதான் பஸ் திருத்தணி போய்ச் சேரும். அங்கே ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். மூன்று மெஷின், ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பதினெட்டு பேர். ஆந்திரப் பக்கத்து நகரியிலிருந்தும் பையன்கள் வருவார்கள். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் அந்த எல்லைக்கோடு விழவே இல்லை. சார் எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதையே திரும்பித் தெலுங்கில் சொல்வார். ‘மிஸ்ஸிங்’ என்ற ஒரு சொல்லை இரண்டு மொழியிலும் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

பட்டனைத் தட்டினால் மெமரி எண்ணிக்கை டிக் டிக்கென்று ஏறும். ஃப்ளாப்பி டிரைவ் ஒருமுறை கர்ரென்று உறுமும். ஒரு பீப். ‘ஸ்டார்ட்டிங் எம்எஸ்-டாஸ்’ என்று வரும். அதற்குப் பிறகு வரிகள் மளமளவென்று விழும். திரைக்கு 25 வரி, வரிக்கு 80 எழுத்து. இருபத்தாறாவது வரி வந்தால் முதல் வரி மேலே போய்விடும். போனது போனதுதான்; மேலே தள்ளிப் பார்க்க வழி கிடையாது.

ஒருநாள் ஜவுளிக்கடைக் கணக்கு ஒன்று ஃபாக்ஸ்புரோவில் ஓடவேண்டியிருந்தது. கடை ஆள் பில் கட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். புரோகிராமோ மெமரி போதாது என்று நின்றுவிட்டது. நேற்றுவரை போதிய மெமரி இன்றைக்கு எப்படிப் போதாமல் போகும்?

“இன்னாடா சொல்லுச்சு?” என்றார் சார்.

“மெமரி பத்தலன்னு சொல்லுது சார்.”

“அது கடைசியா சொன்னது. மொதல்ல இன்னா சொல்லுச்சு?”

“அது ஓடிருச்சு சார்.”

“ஓடுறதைப் புடிச்சு எழுது.”

கீபோர்டின் வலது மேல் மூலையில் இருந்த பாஸ் கீயைக் காட்டினார். அதை அழுத்தினால் திரை அப்படியே நிற்கும், வேறு கீயைத் தொட்டால் மறுபடி ஓடும். மெஷினை மூன்று முறை ஆன் செய்த பிறகே சரியான இடத்தில் விரல் விழுந்தது. நோட்டின் முதல் பக்கத்தில் அன்று பிடித்த மூன்று வரிகள் இருக்கின்றன. ஹைனெம் டாட் சிஸ் என்ற ஃபைல் இல்லை அல்லது கெட்டிருக்கிறது என்பது முதல் வரி. கான்ஃபிக் டாட் சிஸ் ஃபைலின் முதல் வரியில் பிழை என்பது இரண்டாவது. மூன்றாவது, ‘எச்எம்ஏ நாட் அவைலபிள், லோடிங் டாஸ் லோ’.

யாரோ ஒரு பையன் கான்ஃபிக் டாட் சிஸ் ஃபைலை எடிட்டரில் திறந்து பார்த்தபோது, ‘ஹைமெம்’ என்பதில் ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘என்’ விழுந்திருக்கிறது. அந்த ஓர் எழுத்தால் மெமரி டிரைவர் ஏறவில்லை. டிரைவர் ஏறாததால் ஒரு மெகாபைட்டுக்கு மேலே இருக்கும் 64 கேபி இடம் டாஸுக்குக் கிடைக்கவில்லை. மேலே இடமில்லாமல் போகவே, டாஸ் கீழே இருந்த 640 கேபிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்த இடம்தான் ஃபாக்ஸ்புரோவுக்குப் போதாமல் போன இடம். கடைசி வரியை நம்பியிருந்தால் புது மெமரி வாங்கச் சொல்லியிருப்போம். முதல் வரியைப் பிடித்ததால் ஓர் எழுத்தை மாற்றியதோடு வேலை முடிந்தது. கடை ஆள் அன்று மாலையே கணக்கோடு போனார்.

‘இந்த வரிகளை ஒரு ஃபைலில் போட்டு வைக்க முடியாதா சார்?’ என்று கேட்டேன். டைரக்டரி பட்டியலை அம்புக்குறி போட்டு ஃபைலுக்கு அனுப்ப அப்போதுதான் கற்றிருந்தேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்றும் பாடம். அம்புக்குறியைப் புரிந்துகொண்டு ஃபைலில் எழுதுவது கமாண்ட் டாட் காம் என்ற புரோகிராமின் வேலை. கான்ஃபிக் டாட் சிஸ் படிக்கப்படும்போது அது இன்னும் மெமரிக்கே வந்திருக்காது. “கணக்குப்பிள்ளை கடைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்த கொடுக்கல் வாங்கல் எப்படிப்பா நோட்டுல ஏறும்?” என்றார். அந்தக் கணக்குப்பிள்ளை வந்த பிறகு ஓடும் ஆட்டோஎக்ஸெக் டாட் பேட் ஃபைலில் மட்டும் ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் அம்புக்குறி போட்டு ஓரளவு பிடிக்கலாம். கன்ட்ரோலும் பி-யும் சேர்த்து அழுத்தினால் திரையில் வருவதெல்லாம் பிரிண்டரிலும் வரும். அதுவும் டாஸ் எழுந்த பிறகுதான். தொடக்க வரிகளுக்கு பாஸ், பிரிண்ட் ஸ்கிரீன் என்ற இரண்டு கீகளும் பென்சிலும்தான் கதி. பிரிண்ட் ஸ்கிரீனை அழுத்தினால், ஓரத்தில் துளையிட்ட காகிதத்தில் க்ரீச் க்ரீச்சென்று திரை இறங்கும். காகிதம் விலை என்பதால் எங்களுக்குப் பென்சில்.

எம்எஸ்-டாஸ் 6-இல் எஃப்8 கீக்கு ஒரு வேலை வந்தது. தொடக்கத்தில் அழுத்தினால், வரி வரியாக ‘இதைச் செய்யட்டுமா?’ என்று கேட்டுச் செய்யும். விண்டோஸ் 95-இல் அதே எஃப்8 மெனுவில், தொடக்கத்தில் நடப்பதையெல்லாம் பூட்லாக் என்ற ஃபைலில் எழுதி வைக்கும் வசதியும் சேர்ந்தது. நான் கேட்டது கையில் கிடைத்துவிட்டது. ஆனால் அதே விண்டோஸ்தான் தொடக்க வரிகளின் மேல் மேகப் படத்தைப் போட்டு மூடியது. எஸ்கேப்பை அழுத்தினால் படம் விலகி வரிகள் தெரியும். அழுத்திப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

1999 டிசம்பர் 31 இரவு. திருத்தணியில் அது படித்திருவிழா. ஆண்டின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம், கற்பூரம், திருப்புகழ். மலை முழுக்க விளக்கு. நான் கீழே ஓர் அலுவலகத்தில் பழைய மெஷின்களோடு உட்கார்ந்திருந்தேன். நள்ளிரவு தாண்டி ஒவ்வொன்றாக ஆன் செய்தேன். ஒரு மெஷின் 1980 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை என்றது. டாஸின் நாட்காட்டியே 1980-இல்தான் தொடங்குகிறது. 2000 என்ற ஆண்டை மெஷினின் கடிகாரம் சரியாகச் சொல்லாதபோது டாஸ் அங்கே போய் நின்றுவிடும். மேலே கூட்டம் படியேறிப் புது ஆண்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கீழே என் மெஷின் இருபது வருடம் பின்னால் போயிருந்தது. தேதியைக் கையால் அடித்துச் சரிசெய்தேன். அந்தப் பக்கமும் நோட்டில் இருக்கிறது.

அதோடு நோட்டின் வேலை முடிந்தது என்றே நினைத்தேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்ச் சாலையோர எடைமேடை ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. லாரியை நிறுத்தினால் எடையை வாங்கி, ரசீது அடித்துத் தரும் புரோகிராம் டாஸில் எழுதியது. ஹார்ட் டிஸ்க் உயிரை விட்டிருந்தது. புரோகிராமும் அதற்குரிய டிரைவர், கான்ஃபிக் ஃபைல்களும் மட்டும் ஒரு ஃப்ளாப்பியில் பத்திரமாக இருந்தன. எழுதியவர் இப்போது எங்கே என்று தெரியாது. புதிதாக எழுதச் செலவு செய்ய மேடைக்காரருக்கு வசதியும் இல்லை. அந்த மெஷினில் வேறொரு டிஸ்க்கை மாட்டி ஃப்ரீடாஸ் போட்டேன்.

ஃப்ரீடாஸைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்தபோது, 1994 ஜூன் 29-ம் தேதி, ஜிம் ஹால் என்ற அமெரிக்க இயற்பியல் மாணவர், ‘நாமே ஒன்று எழுதுவோம்’ என்று அறிவித்துத் தொடங்கியது அது. 1.0 பதிப்பு வர 2006 ஆனது. பலர் கூலி வாங்காமல் எழுதியது, 2025-இலும் 1.4 என்று புதுப் பதிப்பு வந்திருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் விலை குறைவாக ‘டாஸ் லேப்டாப்’ என்று விற்கிறார்களே, அந்த டாஸ் பெரும்பாலும் இதுதான். வாங்கியவர் அன்றே அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்வார். எங்கள் எடைமேடைக்கோ அதுவே உயிர் கொடுத்தது.

உடனே கொடுத்துவிடவில்லை. புரோகிராம் எடையை வாங்க மறுத்தது. பழைய கான்ஃபிக் டாட் சிஸ் ஃபைலை அப்படியே போட்டிருந்தேன்; எங்கே தவறு என்று பிடிபடவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு மேடைக்காரரின் மகனுக்குப் போன் செய்து, ஆன் செய்யும்போது திரையை வீடியோ எடுக்கச் சொன்னேன். “ஸ்லோமோஷன்ல எடுத்துட்டேன் அண்ணா” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினான். நான் பாஸ் கீயில் விரலை வைத்துக் காத்திருந்த வேலையை அவன் போன் செய்துவிட்டது. ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் படித்தேன். பிழை என்று ஒரு வரிகூட இல்லை.

அப்போதுதான் எடைமேடை அறையின் மேஜைக் கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதன் அடியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மங்கிப்போன ஒரு டாட் மேட்ரிக்ஸ் காகிதம் இருந்தது. அதையும் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முதலில் மெஷின் வைத்தவர், அது நன்றாக ஓடிய நாளில், தொடக்கத் திரையை பிரிண்ட் ஸ்கிரீன் போட்டு வைத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காகிதத்தில் எடைக்கருவியின் டிரைவர் ‘ஏறிவிட்டேன்’ என்று சொல்லும் வரி இருந்தது. வீடியோவில் அந்த வரியே இல்லை. ஃப்ரீடாஸ் முதலில் தேடுவது எஃப்டிகான்ஃபிக் டாட் சிஸ் என்ற ஃபைலை. அது இருந்தால் கான்ஃபிக் டாட் சிஸ் பக்கம் திரும்பியே பார்க்காது. நான் எழுதியதை மெஷின் படிக்கவே இல்லை. அந்த ஒரு வரியை உரிய ஃபைலில் சேர்த்தோம். அடுத்த லாரிக்கு ரசீது வந்தது.

முகம் தெரியாத அந்த மனிதர் அன்று ஒரு கீயைத் தட்டியிராவிட்டால் எனக்கு வழியே இல்லை. பிழைச் செய்தி வந்தால் யாரும் கண்டுபிடித்துவிடலாம். வரவேண்டிய வரி வராமல் போனதைக் காட்டிக்கொடுக்க, நன்றாக ஓடிய நாளின் பதிவு வேண்டும்.

இன்றைய லினக்ஸ் மெஷின்கள் தொடக்க வரிகளைத் தாமாகவே மெமரியில் சேர்த்து வைக்கின்றன. டிமெஸ்ஜி என்று அடித்தால் நூற்றுக்கணக்கான வரிகள் வந்து நிற்கும். 2011 செப்டம்பர் 15-ம் தேதி எங்கள் மாவட்டத்துக் காக்களூரில் தொடங்கி மாணவர்களுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகள் எத்தனை வீடுகளுக்கு வந்தன! நாங்கள் பென்சிலோடு காத்துக்கிடந்தது இப்போது கேட்காமலே கிடைக்கிறது. எனக்குத் தெரிந்த பிள்ளைகளில் ஒருவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. திறந்து காட்ட ஆளும் இருக்கவில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம். கம்ப்யூட்டர் சொல்லித்தருபவர்கள் ஒரே ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்குங்கள். முதல் பத்து வரிகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து தமிழில் படியுங்கள்.

எடைமேடை, அச்சகம், ரைஸ்மில், பரிசோதனைக்கூடம் என்று எங்கேயாவது பழைய டாஸ் மெஷின் ஒன்றை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நன்றாக ஓடும்போதே, நாளைக் காலை ஆன் செய்யும்போது போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். கான்ஃபிக், ஆட்டோஎக்ஸெக் இரண்டு ஃபைல்களையும் காகிதத்தில் எழுதி, தேதி போட்டு, மெஷினுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். எங்கள் எடைமேடைக் கண்ணாடிக்கு அடியில் இப்போது இரண்டு காகிதங்கள் இருக்கின்றன.