சீமைக் கருவேலங்கட்டையோடு மல்லுக்கட்டுவது எப்படி?

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னதும் ஊர் ஊராக அரிவாளும் கையுமாகக் கிளம்பினார்கள். அப்போது சாக்குச் சொல்லித் தப்பியவர்களுக்காக இந்தக் குறிப்பு. விடியும்போதே கண்மாய்க்குள் இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் மரத்தை நீங்கள் அறுப்பதில்லை, வெயில் உங்களை அறுக்கும்.

முதல் கருவி செருப்பு. ரப்பர் செருப்பு என்றால் முள் அதைத் தாண்டி வந்து நலம் விசாரிக்கும். டயர் செருப்பே உத்தமம்.

அடுத்தது கோடாலி. முந்தின ராத்திரியே வாளித் தண்ணீரில் தலைகீழாகப் போட்டுவையுங்கள். காம்பு ஊறி இறுகும். போடாவிட்டால், ஓங்கும்போது கையில் காம்பு மட்டும் மிஞ்சும். இரும்பு எங்கே போயிற்று என்று பின்னால் நிற்கும் மச்சானிடம் கேட்டுக்கொள்ளலாம், அவர் பேசும் நிலையில் இருந்தால்.

மரம் சாய்ந்ததா? இனி உருட்ட வேண்டும். தென்னை என்றால் கவலையில்லை. கடப்பாரையைக் கட்டைக்கு அடியில் செருகி, அதற்கு ஒரு முட்டுக்கல் வையுங்கள். கல் கட்டையை ஒட்டி இருக்க இருக்க நெம்புவது லேசு. கருவேலத்திடம் இந்தக் கணக்குப் பாதிதான் செல்லும். நேராக வளரும் பழக்கமே அதற்குக் கிடையாது. அரைச் சுற்று உருளும், நிற்கும், திரும்பி உங்கள் காலைத் தேடியே வரும். உருண்ட மறுநொடி சந்தில் கல்லைத் திணிக்க ஓர் ஆள் வேண்டும். மச்சான் பிழைத்திருந்தால் அவரே போதும்.

அறுக்க இரண்டாள் ரம்பம். விதி ஒன்றுதான்: இழுக்கலாம், தள்ளக் கூடாது. எனக்கு எதிர்ப்பக்கம் பிடித்தவர் கரிமூட்டம் போடும் பெரியவர். பத்து இழுப்பு பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, மரத்தை அறுக்குறீங்களா, என்னையவா?"

அதோடு விட்டதா? கட்டையின் இரு முனையும் மேட்டில் கிடந்தன, நடு அந்தரத்தில். பாதி அறுத்ததும் அறுத்த வாய் மூடி ரம்பத்தைக் கவ்விக்கொண்டது. ஆட்டினேன், இழுத்தேன், கட்டையின் வம்சத்தையே திட்டினேன். பெரியவர் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். அறுத்த வாயில் ஒரு மர ஆப்பைச் செருகி, கோடாலியின் மொண்ணைப் பக்கத்தால் இரண்டே தட்டு. ரம்பம் கழன்று என் கைக்கு வந்தது. இப்போதெல்லாம் சட்டைப்பையில் ஆப்பு இல்லாமல் நான் கட்டை பக்கம் போவதில்லை.

பச்சையிலேயே அறுத்துவிடுங்கள், காய்ந்த கருவேலத்தில் கோடாலி பதியாது, துள்ளும். துண்டுகளை மூட்டக்காரர் எடை போட்டு எடுத்துக்கொள்வார்.

கடைசியாகத் தூர். இடுப்பு விட்டுப்போச்சு, நாளைக்குத் தோண்டலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டீர்களானால், ஐப்பசி மழை முடிந்ததும் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஒன்று நின்ற இடத்தில் ஐந்தாறு துளிர்த்திருக்கும்.