கம்பி கட்டும் கனவு

அமெரிக்காவில் நான்காண்டுப் பல் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிப்போரில் ஒரு சாரார், ஒரு சொத்தைப் பல்லையேனும் அடைத்துப் பார்ப்பதற்கு முன்பே, தாம் ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது கோணற்பற்களைக் கம்பி கட்டி நேராக்கும் நிபுணர், ஆவதென்று முடிவுகட்டிவிட்டு, அதற்கு எந்தக் கல்லூரி குறுக்குவழி என்று ஆராயத் தொடங்குகின்றனர். அங்கீகாரம் பெற்ற சிறப்புத் துறைகள் 12 இருந்தும், பொதுச் சுகாதாரப் பல் மருத்துவம் என்றொன்று உண்டென்பது இவ்வாராய்ச்சியில் எவர் கண்ணிலும் படுவதில்லை.

தொழில் உரிமத்துக்கான தேசிய வாரியத் தேர்வு, 2012 முதல் மதிப்பெண்ணை மறைத்து, தேர்ச்சியா தோல்வியா என்பதை மட்டும் அறிவிக்கலாயிற்று. ஆயினும் ஆள் பொறுக்கியே தீரவேண்டிய சிறப்புப் பயிற்சித் துறையினர் வகுப்புத் தரவரிசையை இறுகப் பற்றிக்கொள்ள, 2016இல் உயர்நிலைச் சேர்க்கைக்கென்றே ‘அடாட்’ என்னும் தனித்தேர்வு முளைக்க, தாடை அறுவைத் துறையோ மருத்துவ மாணவருக்குரிய அடிப்படை அறிவியல் தேர்வொன்றைக் கைக்கொள்ள, வாசல் வழியே போன மதிப்பெண் கொல்லைப்புறமாகத் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. தரவரிசையே வெளியிடாத கல்லூரிகளும் உள. அங்கே சேர்ந்தவர் நிம்மதியாக உறங்கலாம், பரிந்துரைக் கடிதம் எழுதும் பேராசிரியர் உறங்காதிருந்தால்.

சிறப்புப் பயிற்சியில் இடம்பெற்றோர் எண்ணிக்கையைக் கொட்டை எழுத்தில் அச்சிடும் விளம்பரக் கையேட்டில், இடம் கிடைக்காதோர் எண்ணிக்கைக்கு ஏனோ இடம் கிடைப்பதில்லை. தாடை அறுவைப் பயிற்சியில் பொதுவாகச் சம்பளம் உண்டு. ஆர்த்தோடான்டிக்ஸில் பல நிறுவனங்கள் பயில்பவரிடமே கட்டணம் வாங்குகின்றன. ஆகவே சொந்த மாநில அரசுக் கல்லூரியின் மலிவான கட்டணமே முதலில் நோக்கத்தக்கது என்னும் கூட்டல் கழித்தல், உயிர்வேதியியலில் புலியானவர்களுக்கும் கடன் பத்திரத்தில் கையொப்பமிட்ட பிறகே விளங்குகிறது.