ஒன்பது வோல்ட் வள்ளல்

எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடந்து, காலால் மிதிபட்டு, ஒலியின் குணத்தை மாற்றித் தரும் சிறு டப்பாவுக்குப் பெடல் என்று பெயர். கடையில் கிடைக்கும். கடைக்குப் போகாமல் வீட்டிலேயே அதைப் பற்றவைத்து, தன்னைப் போன்ற இன்னொருவர் கையில் திணித்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் ஒருவர் உண்டு. அமெரிக்க, பிரிட்டிஷ் புறநகர்களில் ஒரு வீட்டின் கார் வெளியே மழையில் நனைந்துகொண்டிருந்தால், கார் ஷெட்டுக்குள் இவர் இருக்க வாய்ப்புண்டு. இவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியும். ஆனால் ஒரு பாட்டை முழுதாக வாசித்துக் கேட்டவர் இல்லை. எட்டு நொடி வாசிப்பார், நிறுத்துவார், குமிழைக் கொஞ்சம் திருகுவார், அதே எட்டு நொடியை மறுபடி வாசிப்பார். வீட்டாருக்கு அந்த எட்டு நொடி தூக்கத்திலும் கேட்கும்.

இவர் குலத்தின் வரலாறே பொருளைக் கெடுப்பதில்தான் தொடங்குகிறது. 1958-இல் வெளிவந்த ‘ரம்பிள்’ இசைக்காக லிங்க் ரே தன் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964-இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்தார். இதற்கிடையில் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் ஒலிப்பதிவு ஒன்றில் மிக்ஸர் பழுதாகி, கிட்டார் கரகரவென்று ஒலித்தது. அந்தப் பழுதையே சர்க்யூட்டாக்கி 1962-இல் மாஸ்ட்ரோ ஃபஸ்-டோன் பெடல் விற்பனைக்கு வந்தது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் ‘சாடிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டில் அதை மிதித்த பிறகு, பழுதுக்கு மவுசு வந்துவிட்டது. தத்துவம் எளிது: ஒலி அலையின் உச்சியை இளநீர் சீவுவதுபோல் சீவிவிட வேண்டும். எந்தக் கத்தியால், எவ்வளவு ஆழம் சீவுவது என்பதைப் பற்றித்தான் இவர்கள் அறுபது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

புதிதாகச் சேர்பவர் பெரும்பாலும் கை வைப்பது ஃபஸ் ஃபேஸ். 1966-இல் லண்டனில் வந்த வட்டத் தட்டு பெடல். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு குமிழ். சாம்பாருக்கே இதைவிட அதிகம் சாமான் வேண்டும். ஆனாலும் வேலை மூன்று மாதம் இழுக்கும். காரணம், பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள்தான் வேண்டும் என்ற பிடிவாதம். அவற்றில் முக்கியமான ஏசி128, ஒரு காலத்தில் டிரான்சிஸ்டர் ரேடியோக்களுக்குள் சாதாரணமாகக் கிடந்த சரக்கு. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. ஆகவே ஐம்பது வாங்கி, ஒவ்வொன்றாக மீட்டரில் அளந்து, ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுப்பார். பெண் பார்க்கும் படலம் தோற்றது. மீதி நாற்பத்தெட்டும் ‘எதற்காவது ஆகும்’ என்று டப்பாவில் போகும். எதற்கும் ஆனதில்லை. போதாததற்கு ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது. சூடேறினால் மின்கசிவு கூடி ஒலி குழறும். நண்பர் கேட்க வரும் நாள் பார்த்து வெயில் கொளுத்தும். “காலைல நல்லாத்தான் இருந்துச்சு” என்பது இந்த வட்டாரத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம்.

இவருடைய பொறுமையை அளக்கச் சரியான நேரம், மூடி போடும் நேரம். சர்க்யூட் மேஜைமேல் பரப்பிக் கிடக்கும்போது அமர்க்களமாகப் பாடும். உள்ளங்கையைவிடச் சற்று நீளமான அலுமினியப் பெட்டிக்குள் அதை இறக்கி, நான்கு திருகாணியையும் முறுக்கியதும் பேச்சு மூச்சு இருக்காது. திறந்தால் பாடும். மூடினால் ஊமை. மூன்று முறை இப்படி ஆன பிறகு, கேபிள் செருகும் ஜாக்கின் ஒரு காது மூடியின் உட்பக்கத்தைத் தொட்டு எர்த் ஆவது தெரியவரும். அங்கே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டப்படும். நவீன மின்னணுவியல் அந்த டேப்பில்தான் நிற்கிறது. சில பெடல்கள் மூடியபின் ஊமையாவதற்குப் பதிலாக உள்ளூர் ரேடியோ நிலையத்தைப் பிடித்துக்கொள்ளும். ஃபஸ் சர்க்யூட்டுக்கு அந்தச் சுபாவம் உண்டு. கிட்டாரைத் தொடாமலேயே பெட்டி வானிலை அறிக்கை வாசிக்கத் தொடங்கினால், பெட்டியைச் செய்தவர் அதையும் ஒரு வசதியாகச் சொல்லத் தயங்கமாட்டார்.

பெயிண்ட், பெயர் ஆகியவற்றை விரைவாகக் கடந்துவிடலாம்: மனைவியின் நகப்பூச்சு, வேதாளத்தின் பெயர். குமிழ்களின் அடியில் ‘ஒலி அளவு’ என்று எழுதினால் கௌரவக் குறைவு என்பதால் ‘சாபம்’, ‘ஆழம்’ என்று எழுதியிருக்கும். எதைத் திருகினால் சத்தம் குறையும் என்பது செய்தவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். சற்று நின்று கவனிக்க வேண்டியது ஒன்பது முனை கொண்ட கால் சுவிட்ச். பெடலை அணைத்தால் கிட்டாரின் ஒலி எதையும் தொடாமல் நேராக மறுபக்கம் போய்விடும்; இதற்கு ‘ட்ரூ பைபாஸ்’ என்று பெயர். பெடல் வேலை செய்யாதபோது எவ்வளவு சிறப்பாக வேலை செய்யாமல் இருக்கிறது என்பதைப் பற்றி இவர் அரை மணி நேரம் பேசுவார். இப்படிப் பத்துப் பெட்டிகளை நீண்ட கேபிளில் கோத்து எல்லாவற்றையும் அணைத்தால், ஒலியின் மினுக்கை அந்தக் கேபிளே விழுங்கிவிடும் என்பதும் உண்மை. அதை நினைவூட்டுபவருக்கு அன்று இரண்டாவது காபி கிடைக்காது.

இனி பகிர்வு. சனிக்கிழமை மாலை நான்கைந்து பேர், ஆளுக்கொரு துணிப்பையோடு வருவார்கள். கொண்டுவந்ததை எடுத்த எடுப்பில் காட்டுவது மரியாதை அல்ல. பொதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தற்செயலாக நினைவு வந்ததுபோல் பையில் கை விட வேண்டும். வாங்குபவர் எல்லாக் குமிழையும் நடுவில் வைத்து, தன்னுடைய எட்டு நொடியை வாசிப்பார். பிறகு “ம்ம்ம்” என்பார். இந்த ஓரெழுத்தின் நீளத்தை வைத்துத்தான் செய்தவரின் அன்றைய இரவுத் தூக்கம். அடுத்து விமர்சனம்: வெண்ணெய், தேன், மொறுமொறுப்பு, கொழகொழப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்பவர் உள்ளே பலகாரக் கடை நடப்பதாகத்தான் நினைப்பார். உண்மையான பாராட்டு அதற்கும் பிறகு, திருகாணி கழற்றி உள்ளே பார்க்கும்போது வரும். கம்பிகள் வகிடெடுத்ததுபோல் படிந்திருந்தால், ஒலி எப்படியிருந்தாலும் மன்னிக்கப்படும். பின்பு ஒரு குரல்: “அருமை. ஆனா அந்த இடத்துல இருபத்திரண்டு நானோ போட்டுப் பாத்தீங்களா?” இதை ஆலோசனை என்று எடுத்துக்கொண்டவர் யாருமில்லை.

இந்தத் தாராளத்துக்கு நேர் எதிர் உதாரணமாக இவர்கள் குறிப்பிடுவது கிளான் சென்டார் என்ற பெடல். பில் ஃபினகன் 1994 முதல் ஏறத்தாழ எட்டாயிரம் பெட்டிகள் செய்தார். யாரும் காப்பி அடிக்காமலிருக்க சர்க்யூட்மேல் எப்பாக்ஸியை ஊற்றி மூடினார். ஒட்டுப் போட்டு மறைத்தால் சும்மா விடுகிற கூட்டமா? சுரண்டி எடுத்து, வரைபடம் போட்டு, ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். அசல் பெட்டி இன்று பல ஆயிரம் டாலர். டியூப் ஸ்க்ரீமர் பெடலின் 4558 சிப் கதையும் இப்படித்தான். பழைய ஜப்பானியச் சிப்பில் தெய்வீகம் இருப்பதாக நம்பி எவ்வளவும் கொடுப்பார்கள். அதே எண்ணுள்ள சிப் சென்னை ரிச்சி தெருவில் பேஸ்-டிரெபிள் போர்டுகளில் சில ரூபாய்க்குக் கிடக்கிறது. கண்ணைக் கட்டி இரண்டையும் கேட்கச் சொன்னால், கேபிள் சரியில்லை என்பார்கள்.

கொடுத்த பெடல் திரும்புவது மொய்க் கணக்கு போன்றது. கணக்கே இல்லை என்று இருவரும் சொல்வார்கள். இருவர் மனதிலும் நோட்டு திறந்தே இருக்கும். இவருடைய ஃபஸ் ஒருவரிடம் போகும். அவர் ஒரு கெபாசிட்டரை மாற்றி இன்னொருவருக்குக் கொடுப்பார். அவர் குமிழை மாற்றி, நகப்பூச்சைச் சுரண்டி, கருப்படித்து மூன்றாமவருக்குத் தள்ளுவார். ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு சனிக்கிழமை, அது மறுபடி இவர் மேஜைக்கே வந்து சேரும். இவர் குமிழ்களை நடுவில் வைத்து எட்டு நொடி வாசிப்பார். “ம்ம்ம்” சுருக்கமாக இருக்கும். மூடியைக் கழற்றி டார்ச் அடித்து, யார் செய்ததோ தெரியவில்லை, பற்றவைப்பு ரொம்பச் சுமார் என்பார். மூடியின் உட்பக்கம் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கும். அதன்மேல் பால்பாயிண்ட் பேனாவில் தேதியும், இவருடைய கையெழுத்தும்.